ஏற்றிய மஜ்ஜையும் ஏற்கும் உடம்பும்



தலசீமியா உள்ள பிள்ளைக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்யலாம் என்று டாக்டர் சொன்னதும், குடும்பத்தில் எழும் முதல் கேள்வி பணத்தைப் பற்றியது. அடுத்த கேள்வி, "தங்கச்சியோட மஜ்ஜையை இவன் உடம்பு ஏத்துக்குமா?" என்பது. நல்ல கேள்விதான், ஆனால் அதில் பாதி விஷயம்தான் இருக்கிறது. சிறுநீரகம் மாற்றினால் உடம்பு அதை ஏற்குமா என்பது மட்டுமே கவலை. மஜ்ஜை மாற்றினால் உடம்பு மஜ்ஜையை ஏற்க வேண்டும், மஜ்ஜையும் உடம்பை ஏற்க வேண்டும். இந்த இரண்டாவது பாதி நம் வீடுகளில் பலருக்குத் தெரியாது. தெரியாததால்தான், ஆபரேஷன் முடிந்தது, பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான், இனி மாத்திரை எதற்கு என்று சிலர் நினைக்கிறார்கள். பாசத்தில் வாப்பாவும் சாச்சாவும் முண்டியடித்து இரத்தம் கொடுக்கப் போவதும் அதனால்தான்.

உண்மையில் இதில் ஆபரேஷன் என்று பெரிதாக எதுவும் இல்லை. கொடுப்பவரின் இடுப்பெலும்பிலிருந்து மயக்க மருந்து கொடுத்து ஊசியால் மஜ்ஜை எடுப்பார்கள். அல்லது நான்கைந்து நாள் ஊசி போட்டு, இரத்தத்தில் இறங்கும் ஸ்டெம் செல்களை மெஷின் மூலம் பிரித்தெடுப்பார்கள். கொடுத்த மஜ்ஜை சில வாரங்களில் திரும்ப ஊறிவிடும். பெறுபவருக்கு அது இரத்தம் ஏற்றுவது போலப் பையிலிருந்து குழாய் வழியே உடம்புக்குள் இறங்கும். அதற்கு முன் ஒரு வாரம், பத்து நாள் கடுமையான மருந்துகள் கொடுத்துப் பிள்ளையின் பழைய மஜ்ஜையை அழித்திருப்பார்கள். இறங்கிய செல்கள் தாமாகவே எலும்புக்குள் போய் இடம் பிடிக்கும். இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் புதிய இரத்த அணுக்கள் வரத் தொடங்கும். எந்தக் குழாயும் காட்டாமல் அந்தச் செல்களுக்கு எலும்பின் வழியைக் காட்டியவன் அல்லாஹ்.

மஜ்ஜையில் சிவப்பணு மட்டும் ஊறுவதில்லை. உடம்பைக் காக்கும் வெள்ளையணுக்களும் அங்கேதான் பிறக்கின்றன. ஆகவே மஜ்ஜையை மாற்றுவது என்றால் உடம்பின் காவல்காரர்களையே மாற்றுவது என்று பொருள். சிக்கல் அங்கேதான் ஆரம்பமாகிறது.

தன்னது எது, அந்நியம் எது

நம் ஒவ்வொரு செல்லின் மேலும் ஹெச்.எல்.ஏ. என்ற அடையாளம் உண்டு. பிரான்சு நாட்டின் ழான் டாசே 1958-ல் இதைக் கண்டறிந்தார். 1980-ல் நோபல் பரிசு பெற்றார். காவல் செல்கள் இந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் 'நம்ம ஆள்', 'வெளியாள்' என்று பிரிக்கின்றன. இந்த அடையாளத்தில் ஒரு தொகுதி உம்மாவிடமிருந்தும் ஒரு தொகுதி வாப்பாவிடமிருந்தும் வருகிறது. அதனால் ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த இருவருக்கு இரண்டு தொகுதியும் ஒன்றாக அமைய நான்கில் ஒரு வாய்ப்புதான். பெற்றோர் பிள்ளைக்குப் பாதி பொருந்துவார்கள். மாமன் மகள், சாச்சா மகன் என்று சொந்தத்தில் திருமணம் நடந்த குடும்பங்களில், பெற்றோர் இருவருக்கும் ஒரே தொகுதி பொதுவாக இருந்துவிட்டால், சில சமயம் வாப்பாவோ உம்மாவோ முழுதாகப் பொருந்துவதும் உண்டு. தலசீமியா இரு பக்கமும் ஒளிந்திருந்து பிள்ளையிடம் வெளிப்படுவதற்கும் இதே சொந்தத் திருமணம் ஒரு காரணம். நிக்காஹ் பேசும்போதே ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருக்காது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

அடையாளம் முழுதாகப் பொருந்தினாலும் சண்டை வராது என்று சொல்ல முடியாது. ஹெச்.எல்.ஏ. தவிர வேறு பல சிறு வேறுபாடுகள் உடன்பிறந்தவர்களுக்குள்ளும் உண்டு. ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை இல்லை. அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ் 1950-களில் இரட்டையர்களிடையேதான் முதலில் வெற்றி கண்டார். பொருத்தம் பார்க்கும் வழி தெரியாத அந்தக் காலத்தில் மற்றவர்களுக்குச் செய்த மாற்றுகள் பெரும்பாலும் தோற்றன. மருத்துவர்கள் பலர் இந்த வேலையையே கைவிட்டார்கள். தாமஸ் விடவில்லை. 1990-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கன்றுக்குட்டிகள் காட்டிய வழி

அந்நிய செல்லோடு உடம்பு சமாதானமாக வாழ முடியும் என்பதை முதலில் காட்டியவை மாடுகள். பசு இரட்டைக் கன்று சுமக்கும்போது இரண்டின் நஞ்சுக்கொடி இரத்தக் குழாய்களும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுவது உண்டு. அப்படிப் பிறந்த கன்றுகள் வளர்ந்த பிறகும் ஒவ்வொன்றின் உடம்பிலும் இரண்டு வகை இரத்தம் ஓடுவதை, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இருந்த ரே ஓவன் 1945-ல் எழுதினார். ஒன்றுக்கொன்று சண்டை இல்லை. கருவிலேயே பழகிவிட்டதால் அந்நியம் அந்நியமாகத் தெரியவில்லை.

இங்கிலாந்தில் பீட்டர் மெடவார் தம் சகாக்களுடன் இதைச் சோதித்துப் பார்த்தார். தாய் வயிற்றில் இருக்கும் எலிக்குஞ்சுகளுக்கு வேறு இன எலியின் செல்களை ஊசியால் செலுத்தினார். அவை பிறந்து வளர்ந்த பின் அதே இன எலியின் தோலை ஒட்டவைத்தபோது உடம்பு அதைத் தள்ளவில்லை. வேறொரு இனத்தின் தோலைத் தள்ளியது. 1953-ல் வெளியான இந்த ஆய்வுக்காக அவருக்கு 1960-ல் நோபல் பரிசு வந்தது. இதில் முக்கியமான விஷயம், எலியின் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடவில்லை என்பது. நோயை எதிர்க்கும் பலம் அப்படியே இருந்தது. குறிப்பிட்ட ஒருவரை மட்டும் அது தன்னவராக ஏற்றுக்கொண்டது. மருந்து கொடுத்து எதிர்ப்பை அமுக்குவது வேறு, இந்த ஏற்பு வேறு. மஜ்ஜை மாற்று சிகிச்சை கடைசியில் போய்ச்சேர வேண்டிய இடம் இந்த ஏற்புதான். நடுவில் மாத்திரைகள் வருவது அதுவரை தாக்குப்பிடிக்கத்தான்.

இரு பக்கச் சண்டை

முதல் பக்கம், பிள்ளையின் உடம்பு மஜ்ஜையைத் தள்ளுவது. தலசீமியா பிள்ளைகளிடம் இது அதிகம், ஏனென்றால் பிறந்த சில மாதங்களிலிருந்து பலருடைய இரத்தம் ஏறியிருக்கிறது. அந்நிய அடையாளங்களைப் பலமுறை பார்த்துப் பழகிய உடம்பு, எதிர்க்கத் தயாராக இருக்கும். இரும்புச்சத்து சேர்ந்து கல்லீரல் கெட்டிருந்தால் ஆபத்து இன்னும் கூடுகிறது. இரும்பை வெளியேற்றும் மருந்தை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும், சிகிச்சையைச் சிறு வயதிலேயே யோசிக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வதற்குக் காரணம் இது.

இரண்டாவது பக்கம், மஜ்ஜை பிள்ளையின் உடம்பைத் தாக்குவது. மருத்துவமனையில் இதை ஜி.வி.ஹெச்.டி. என்பார்கள். பையில் வந்த மஜ்ஜையோடு, கொடுத்தவரின் உடம்பில் வளர்ந்து முதிர்ந்த டி செல்களும் சேர்ந்து வருகின்றன. அவை அந்த வீட்டில் பயிற்சி பெற்ற காவல்காரர்கள். புது வீட்டில் பார்க்கிற முகமெல்லாம் அவற்றுக்கு அந்நியம். முதலில் தோல், குடல், கல்லீரல் ஆகிய மூன்றையும் தாக்கும்.

ஆனால் புது மஜ்ஜை ஊன்றிய பிறகு அதிலிருந்து பிறக்கும் டி செல்களின் கதை வேறு. அவை பிள்ளையின் நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பிக்குப் போகின்றன. தைமஸை ஒரு மத்ரஸா என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த உடம்பின் அடையாளங்கள் அங்கே காட்டப்படுகின்றன. அவற்றைத் தாக்கத் துடிக்கும் செல்கள் அங்கேயே அழிக்கப்படுகின்றன; தேறியவை மட்டும் வெளியே வருகின்றன. பிறப்பால் தங்கச்சியின் செல்கள், ஆனால் வளர்ப்பால் இந்த வீட்டுப் பிள்ளைகள். இவற்றோடு, சண்டையை அடக்குவதையே வேலையாகக் கொண்ட ஒரு வகை டி செல்களும் பெருகுகின்றன. தைமஸ் சிறு வயதில் பெரிதாக இருந்து வயது ஏற ஏறச் சுருங்குவதால், சிறுவர்களுக்கு இந்தப் பயிற்சி நன்றாக நடக்கிறது.

சிறுநீரகம் மாற்றியவர் பொதுவாக ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியிருக்க, மஜ்ஜை மாற்றிய பிள்ளை பெரும்பாலும் ஆறு மாதம், ஒரு வருடம் என்று படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட முடிவது இதனால்தான். முன்பு மஜ்ஜை கொடுத்தவரே பின்னாளில் அதே நபருக்குச் சிறுநீரகமும் கொடுத்தபோது, நிரந்தர மாத்திரை இல்லாமலே அது நிலைத்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

பாதி மட்டும் பொருந்தும் வாப்பா, உம்மாவின் மஜ்ஜையும் இப்போது பயன்படுகிறது. மஜ்ஜை ஏற்றிய மூன்றாம், நான்காம் நாட்களில் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தைக் கொடுக்கும் முறையை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் வளர்த்தெடுத்தார்கள். சண்டைக்குக் கிளம்பி வேகமாகப் பெருகும் டி செல்களை அந்த மருந்து தாக்குகிறது. அமைதியாக இருக்கும் ஸ்டெம் செல்களை விட்டுவிடுகிறது. உடன்பிறப்பு பொருந்தாத குடும்பத்துக்கு இது ஒரு கதவு. ஆயினும் தலசீமியாவில் முழுதாகப் பொருந்தும் உடன்பிறப்புதான் இன்றும் முதல் தேர்வு.

'கைமேரிஸம்' அறிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்

சிகிச்சைக்குப் பின் குறிப்பிட்ட இடைவெளிகளில் கைமேரிஸம் என்ற பரிசோதனை செய்வார்கள். இரத்தத்தில் கொடுத்தவருடைய செல் எத்தனை சதவீதம், பிள்ளையின் பழைய செல் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்லும் கணக்கு அது. நூறு என்று வந்தால் சந்தோஷம். எழுபது என்று வந்தால் வீடே அழுகிறது.

தலசீமியா மாற்று சிகிச்சையில் நீண்ட அனுபவம் உள்ள இத்தாலியின் பெசரோ நகர மருத்துவர்கள், பத்தில் ஒருவர் அளவுக்கு இப்படி இரு வகைச் செல்லும் கலந்த நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் நிலைத்துவிடுவதைக் கண்டார்கள். கொடுத்தவரின் செல் 20, 30 சதவீதம் மட்டுமே இருந்தும் இரத்தம் ஏற்றத் தேவையில்லாமல் வாழ்பவர்கள் அவர்களில் உண்டு. எப்படி? தலசீமியா மஜ்ஜையில் உருவாகும் சிவப்பணுக்கள் பெரும்பாலும் முதிரும் முன்பே அழிந்துவிடும். கொடுத்தவரின் சிவப்பணு நன்றாக முதிர்ந்து 120 நாள் வரை வாழும். அதனால் மஜ்ஜையில் சிறுபான்மையாக இருந்தாலும் ஓடும் இரத்தத்தில் அதுவே பெரும்பான்மை. ஓவன் பார்த்த கன்றுகளைப் போலத்தான், இரண்டு இரத்தம் ஓர் உடம்பில் சண்டையில்லாமல் இருக்கிறது. சண்டையை அடக்கும் டி செல்கள் இப்படிப்பட்டவர்களிடம் கூடுதலாக இருப்பதை இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

ஆனால் எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது, எந்த மாதத்தின் எண் என்பதும் முக்கியம். இரண்டாம் மாதத்திலேயே பழைய செல் 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மஜ்ஜையை இழக்கும் ஆபத்து மிக அதிகம். டாக்டர் உடனே மருந்தை மாற்றியமைக்கக் கூடும். இரண்டு வருடம் கழித்து அதே எண் வந்தால் பெரும்பாலும் அது ஒரு சமாதான நிலை. அடுத்த படுக்கைப் பிள்ளையின் அறிக்கையோடு ஒப்பிட்டு மனம் உடைவதில் அர்த்தமில்லை. இரத்தப் புற்றுநோய்க்காக மாற்று செய்தவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு: அங்கே புது மஜ்ஜை கொஞ்சம் தாக்கினால் மிச்சமிருக்கும் புற்றுச் செல்லும் அழியும் என்பதால் டாக்டர்கள் அதை ஓரளவு விரும்புவதும் உண்டு. தலசீமியாவில் அந்தத் தாக்குதலால் ஒரு பயனும் இல்லை.

வீட்டார் கையில் இருப்பவை

முதலில் இரத்தம். மஜ்ஜை மாற்று செய்யும் எண்ணம் இருந்தால் உம்மா, வாப்பா, உடன்பிறந்தோர், நெருங்கிய சொந்தங்கள் யாரும் அந்தப் பிள்ளைக்கு இரத்தம் கொடுக்கக் கூடாது. குடும்ப அடையாளங்களுக்கு எதிராக உடம்பை நாமே தூண்டிவிட்டதாகும். பிறகு அதே குடும்பத்திலிருந்து வரும் மஜ்ஜையை அது தள்ளும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. சொந்தத்தில் திருமணம் நடக்கும் குடும்பங்களில், ஒருவருக்கு இரண்டு தொகுதி அடையாளமும் ஒரே மாதிரி அமைந்திருப்பது மற்றவர்களைவிட அதிகம். அவர் இரத்தம் கொடுத்தால், அந்தத் தொகுதியில் ஒன்றைக் கொண்ட பிள்ளையின் உடம்பு அந்தச் செல்களைத் தன்னவை என்று எண்ணி விட்டுவிடும். ஆனால் அந்தச் செல்களுக்குப் பிள்ளையின் மற்றொரு தொகுதி அந்நியம். அவை தாக்கத் தொடங்கினால் தடுக்க ஆள் இல்லை. இது மிக அரிது. ஆனால் வந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இறந்துவிடுகிறார்கள். கதிர்வீச்சு கொடுத்த இரத்தத்தில் இந்த ஆபத்து நீங்கும். மாற்றுக்குப் பிறகு எந்த மருத்துவமனையில் இரத்தம் ஏற்றினாலும், மஜ்ஜை மாற்று செய்த பிள்ளை, கதிர்வீச்சு கொடுத்த இரத்தம் வேண்டும் என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். உறவினர்கள் இரத்த வங்கியில் பொதுவாகக் கொடுக்கட்டும். வேறு யாருக்காவது போய்ச்சேரும், அதுவும் ஸதகாதான்.

சைக்ளோஸ்போரின் போன்ற மாத்திரைகளை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். மருந்தின் அளவு பார்க்க இரத்தம் எடுக்கும் நாளில் காலை மாத்திரையை இரத்தம் எடுத்த பிறகே கொடுக்க வேண்டும். பம்ப்ளிமாஸ் பழம் இந்த மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். கருஞ்சீரகம், நாட்டு மருந்து, ஹகீம் கொடுத்த லேகியம் எதுவானாலும் டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். கருஞ்சீரகத்தின் மீது நமக்குள்ள மதிப்பு குறைவதில்லை. இந்தச் சில மாதங்களுக்கு இந்தப் பிள்ளையின் உடம்பு வேறு நிலையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

உள்ளங்கை, உள்ளங்கால், காது மடலில் சிவந்து அரிப்பது, தண்ணீராக வயிற்றுப்போக்கு, கண் மஞ்சளாவது ஆகியவை தாக்குதலின் அறிகுறிகள். மாதங்கள் கழித்து கண் வறண்டு உறுத்துவது, வாய்ப்புண், தோல் இறுகுவது, மூச்சு வாங்குவது போன்றவையும் வரலாம். காய்ச்சல் வந்தால் இரவு எந்நேரமானாலும் மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வெயிலில் விளையாட விடாதீர்கள். வெயில் தோலில் தாக்குதலைத் தூண்டும்.

பிள்ளைக்கு முன்பு போட்ட தடுப்பூசிகளின் பலன் பெரும்பாலும் போய்விடும். டாக்டர் சொல்லும் கால அட்டவணைப்படி மீண்டும் முதலிலிருந்து போட வேண்டும். தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளைப் பொதுவாக இரண்டு வருடத்துக்கு முன் போடுவதில்லை. வீட்டில் உள்ள மற்ற குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் முன்பும் டாக்டரைக் கேளுங்கள்.

நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத். ஆனால் எதிர்ப்புச் சக்தி இன்னும் வளராத பிள்ளையைச் சுற்றி இருபது பேர் உட்கார்ந்து கொஞ்சுவது நலம் விசாரிப்பு ஆகாது. போனில் விசாரியுங்கள், துஆச் செய்யுங்கள், சமைத்த சாப்பாட்டை வாசலில் கொடுத்துவிட்டுப் போங்கள். பெரியவர்களுக்கு மாற்று நடந்திருந்தால் ரமலானில் நோன்பு வைக்கலாமா என்பதை டாக்டரிடமும் பிறகு ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்யட்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை ஏற்றுக்கொள்வதில் குறை ஒன்றும் இல்லை.

மார்க்கக் கேள்விகள்

மஜ்ஜை கொடுப்பது கூடுமா? 1988 பிப்ரவரியில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, இரத்தம், தோல் போலத் தானாக வளரக்கூடியவற்றை ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கொடுப்பது கூடும் என்றும், கொடுப்பவர் முழுத் தகுதி உடையவராக இருக்க வேண்டும் என்றும் முடிவெடுத்தது. அப்படியானால் எட்டு வயதுத் தங்கச்சி எப்படிக் கொடுப்பது? ஸ்டெம் செல் பற்றி மக்கா ராபிதாவின் ஃபிக்ஹ் சபை 2003-ல் விவாதித்தபோது, பொறுப்பாளரின் அனுமதியோடு, ஏற்கத்தக்க நலனுக்காக, குழந்தைக்குத் தீங்கு வராத நிலையில் குழந்தைகளிடமிருந்து எடுப்பதையும் அனுமதித்தது. அனுமதி இருக்கிறது என்பதற்காக அந்தப் பிள்ளையை மறந்துவிடக் கூடாது. நோயாளிக்குப் பொம்மை வருகிறது, கொடுத்தவளுக்கு இடுப்பு வலி மட்டும் மிஞ்சுகிறது. என்ன செய்யப் போகிறோம் என்பதை அவளுக்குப் புரியும் மொழியில் முன்பே சொல்லுங்கள்.

அந்நியர் ஒருவரின் மஜ்ஜையைப் பெற்றால் அவர் மஹ்ரம் ஆகிவிடுவாரா என்று கேட்கிறார்கள். இரத்தம் ஏற்றுவதால் பால்குடி உறவு போன்ற விலக்கு ஏற்படாது, அது பாலூட்டுவதற்கு மட்டுமே உரியது என்று அதே மக்கா சபை 1989-ல் தெளிவுபடுத்தியது. மஜ்ஜைக்கும் இதுவே பொருந்தும். மாற்றுக்குப் பின் பிள்ளையின் இரத்த வகை மாறலாம், இரத்தத்தில் டி.என்.ஏ. பார்த்தால் கொடுத்தவருடையதைக் காட்டும். அதனால் நஸப் மாறாது. தோல், தசை, பின்னாளில் பிறக்கப்போகும் சந்ததிக்கான வித்து எல்லாம் அவனுடையவையாகவே இருக்கின்றன. இந்தக் கடைசி விஷயம் இன்னொன்றையும் சொல்கிறது: தலசீமியா நீங்கி வாழும் பிள்ளை, தன் பிள்ளைகளுக்கு அந்த மரபணுவைக் கடத்தவே செய்வான். அவனுக்குப் பெண் பார்க்கும்போது பெண்ணின் பரிசோதனை கட்டாயம்.

எங்கே தொடங்குவது? வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மஜ்ஜை மாற்று 1986-லிருந்து நடக்கிறது; தலசீமியாவில் அவர்களுக்கு நெடிய அனுபவம் உண்டு. பொருந்தும் உடன்பிறப்பு இருக்கும் தலசீமியா பிள்ளைகளுக்கு கோல் இந்தியா நிறுவனம் 2017-ல் தொடங்கிய 'தலசீமியா பால சேவா யோஜனா' 10 லட்சம் ரூபாய் வரை தருகிறது. வயது, வருமான நிபந்தனைகளை மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் கேட்டுக்கொள்ளலாம். உடன்பிறப்பு பொருந்தாதவர்களுக்கு, சென்னையில் 2009-ல் தொடங்கிய 'தாத்ரி' போன்ற கொடையாளர் பதிவேடுகளில் தேடுவார்கள். 18 முதல் 50 வயதுக்குள் உள்ளவர்கள் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்துப் பதியலாம். ஒரே வம்சாவளியினரிடையே பொருத்தம் கிடைக்க வாய்ப்பு கூடுதல். நம் இளைஞர்கள் பதியாமல் இருந்தால் நம் பிள்ளைகளுக்கான தேடலும் அந்த அளவுக்குக் குறுகும்.

மஜ்ஜை மாற்றுக்காக அறக்கட்டளையில் உதவி கேட்டு மனு கொடுப்பவர்கள், உடன்பிறந்தோர் அனைவரின் ஹெச்.எல்.ஏ. அறிக்கை, கடைசியாகப் பார்த்த ஃபெரிட்டின் அளவு, மருத்துவமனை தந்த செலவு மதிப்பீடு ஆகிய மூன்றையும் மனுவோடு இணைத்துக் கொடுக்கவும். ஹெச்.எல்.ஏ. பரிசோதனைக்கே பணம் இல்லாதவர்கள் அதையே முதல் மனுவாகத் தரலாம்.